ஆறுமுகத்தைக் கொஞ்சம் விட்டுவிடுவோம்

போன டிசம்பரில் எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் பெரியப்பா ஒரு படம் அனுப்பினார். பழைய கறுப்பு வெள்ளைப் படம். கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம் பக்கவாட்டில் பாய்ந்து பந்தைத் தட்டிவிடுகிறார். கீழே யாரோ 'நம் இனத்தின் சிங்கம்' என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். பத்து நிமிடத்தில் இருபது பேர் கைகூப்பினார்கள். நானும்தான்.

அன்று சாயங்காலம் அதே குழுவில் அக்கா எழுதினாள். "தம்பிய மாவட்டப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலைல. அன்னிக்குத்தான் டியூஷனும். என்ன செய்றது?" தம்பி என்பது அவள் மகன். பதினோரு வயது, தமிழ்ப்பள்ளி, இடது கால் ஆட்டக்காரன். முதலில் பதில் போட்டவர் பெரியப்பா. "படிப்பப் பாக்கச் சொல்லும்மா. பந்து சோறு போடாது." அதற்கும் கைகூப்பு விழுந்தது. பிறகு யாரோ என்னை இழுத்தார்கள். "அவன் மாமாதான் இஞ்சினியராச்சே, அவனே புத்தி சொல்லட்டும்."

ஒரே ஆள், ஒரே நாள், ஒரே குழு. காலையில் ஆறுமுகம் சிங்கம், சாயங்காலம் பந்து சோறு போடாது. பெரியப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. நாம் ஆறுமுகத்தை நினைவில் வைத்திருப்பதாக நம்புகிறோம். உண்மையில் அவரைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். எதற்கு என்று கேட்டுப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

என் வயதுக்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறுமுகம் 1953இல் பிறந்தவர். சிலாங்கூருக்கும் தேசிய அணிக்கும் கோல்கம்பத்தில் நின்றவர். கைகள் நீளம் என்பதால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்டது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் காவலர். சபாவிலிருந்து வந்த ஹசான் சானியும் ஜேம்ஸ் வோங்கும், தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் இருந்த அணி அது. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோவைப் புறக்கணித்தது. நம் இடத்தில் ஈராக் போனது. 1988 டிசம்பரில் ஒரு சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தபோது அவருக்கு வயது 35.

இந்த வாழ்க்கையை இன்று மூன்று தரப்பு எடுத்துப் புழங்குகிறது.

முதல் தரப்பு, ஒற்றுமை விளம்பரம் செய்கிறவர்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் 1980 அணி ஞாபகத்துக்கு வந்துவிடும். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு இந்தியர், தோளில் கை. 2016இல் வந்த 'ஓலா போலா' படம் இதன் உச்சம். சியூ கெங் குவான் நன்றாகவே எடுத்திருந்தார். தியேட்டரில் நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கோல்கீப்பர் முத்து பாய்ந்தபோது பின்வரிசையில் ஒரு தாத்தா எழுந்து நின்றதைப் பார்த்தேன். ஆனால் அதே ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் 'ஓலா போலா'வைத் தேசிய மொழி அல்லாத படம் என்று தனி வகையில் ஒதுக்கினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்தப் பிரிவினை போனது. ஒற்றுமையைச் சொல்ல வந்த படத்துக்கே நிலைமை இதுதான்.

இரண்டாம் தரப்பு, நம் மேடைக்காரர்கள். எந்த விளையாட்டு நிகழ்வைத் திறந்து வைத்தாலும் "ஆறுமுகம் பிறந்த சமுதாயம்" என்று தொடங்குவார்கள். கோப்பையைக் கொடுத்து, படம் எடுத்து, நாசி பிரியாணி சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அந்தப் போட்டி நடந்த திடல் அடுத்த வருஷம் இருக்குமா என்று கேட்டால் பதில் வராது.

மூன்றாம் தரப்பு நாம். நமக்கு ஆறுமுகம் ஒரு சாக்கு. "அந்தக் காலத்துல திறமைக்கு மதிப்பு இருந்துச்சு, இப்ப எல்லாம் கோட்டா" என்று சொல்லி முடித்துவிட ஒரு பெயர் தேவை. அந்தப் பெயர் அவருடையது.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுபோனால் ஒரு பழக்கம் உண்டு. முதலில் கிடைக்கும் பதிலோடு நிறுத்தக் கூடாது. பெல்ட் அறுந்தது என்றால் ஏன் அறுந்தது, உருளை தேய்ந்திருந்தால் ஏன் தேய்ந்தது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். தேசிய அணியில் தமிழ்ப் பெயர்கள் ஏன் குறைந்தன என்ற கேள்விக்கு நாம் பெல்ட்டோடு நின்றுவிடுகிறோம்.

கோட்டா, பாகுபாடு எல்லாம் இல்லை என்று சொல்லமாட்டேன். தேர்வுத் திடலில் பயிற்றுநரின் கண் எங்கே போகிறது என்று அங்கே நின்ற பையனுக்குத் தெரியும். நானும் நின்றிருக்கிறேன். ஆனால் அது மட்டுமே காரணமென்றால் மற்றதை எப்படி விளக்குவது? 2009இல் 20 ஆண்டுகளுக்குப் பிறகு சீ விளையாட்டுத் தங்கத்தையும், 2010இல் இந்தோனேசியாவை இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 4-2 என்று வென்று முதன்முறையாக சுசுகி கிண்ணத்தையும் கொண்டுவந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். அந்த அணியில் எஸ். குணாளன் ஆடினார். 2017 சீ விளையாட்டு அரையிறுதியில், ஷா ஆலாமில், ஆட்டம் முடியும் நேரத்தில் தலையால் முட்டி இந்தோனேசியாவை வெளியேற்றியவர் என். தனபாலன். கதவு குறுகல்தான், ஆனால் பூட்டியிருக்கவில்லை. அப்படியென்றால் வரிசையில் நம் பிள்ளைகள் ஏன் இவ்வளவு குறைவு?

"பசங்களுக்கு ஆர்வம் இல்ல, போனே கதி" என்பது இன்னொரு பதில். சுத்தப் பொய். கிள்ளானில் எந்தப் புட்சால் அரங்குக்கும் இரவு பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். பாதி வண்டி நம் பையன்களுடையது. லாரி ஓட்டிவிட்டு வருகிறவர்கள், பாதுகாவலர் வேலை முடித்து வருகிறவர்கள், என்னைப் போல ஷிப்ட் முடித்து வருகிறவர்கள். தலைக்குப் பதினைந்து வெள்ளி போட்டு ஆடுகிறோம். ஆர்வத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அடுத்த 'ஏன்' எங்கே கொண்டுபோகும் என்பதை என் அப்பாவிடமிருந்து தெரிந்துகொண்டேன். அவர் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவர். வலது பின்காப்பு ஆட்டக்காரர். லயத்துக்கு எதிரிலேயே திடல். மரம் சீவிவிட்டு வந்து, தூங்கி எழுந்து, நாலு மணிக்குத் திடலில் இறங்கினால் இருட்டும் வரை ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி என்றால் நிர்வாகமே லாரி கொடுக்கும். நன்றாக ஆடுகிறவனுக்கு ஸ்டோரிலோ ஆபீசிலோ லேசான வேலை கிடைக்கும். "பந்து அடிச்சா ஒரு காசும் நட்டமில்ல" என்பார் அப்பா. அந்த ஒரு வரியில் ஒரு முழுப் பொருளாதாரம் இருக்கிறது.

ஆறுமுகத்தைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவர் ஆடிய காலத்தில் நம் காற்பந்து அமெச்சூர் காற்பந்து. ஆட்டக்காரர்கள் எங்காவது வேலை பார்த்தார்கள். அரசு, வாரியம், வங்கி, போலீஸ். சாயங்காலம் பந்து. கால் முறிந்தாலும் வேலை இருந்தது. மலேசிய லீக் பாதித் தொழில்முறையானது 1989இல், அதாவது ஆறுமுகம் இறந்த மறுவருஷம். முழுத் தொழில்முறையானது 1994இல். அதே 1994இல்தான் ஆட்ட நிர்ணய ஊழலும் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், பலர் தடை செய்யப்பட்டார்கள்.

இந்த மாற்றத்தின் பொருளை நாம் யோசிக்கவே இல்லை. அமெச்சூர் காலத்தில் காற்பந்தின் நட்டத்தைத் தோட்டமோ அலுவலகமோ ஏற்றுக்கொண்டது. தொழில்முறை வந்த பிறகு அந்த நட்டம் ஆட்டக்காரனின் வீட்டுத் தலையில் வந்து விழுந்தது. பதினெட்டு வயதில் படிப்பை விட்டு, இருபத்திரண்டில் முட்டி போய், ஒப்பந்தம் முடிந்தால் வீட்டில் உட்கார வைத்துச் சோறு போட ஆள் வேண்டும். நிலம் இருக்கிற வீடு தாங்கும், கடை இருக்கிற வீடு தாங்கும். மாதச் சம்பளத்தை மாதத்திலேயே தின்று முடிக்கும் வீடு தாங்காது. போதாக்குறைக்கு நம் நாட்டில் மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்காத கிளப்புகளின் செய்தி ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது.

சரியாக அதே ஆண்டுகளில்தான் தோட்டங்கள் விற்கப்பட்டன, துண்டாடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாகின. அப்பாவின் தோட்டமும் அப்படிப் போனதுதான். திடல் இருந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள். நாங்கள் கிள்ளானில் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தோம். அங்கே பந்து விளையாட இருந்த ஒரே இடம் கார் நிறுத்துமிடம். நான் கோல்கீப்பரானது ஆறுமுகத்தைப் பார்த்து அல்ல. தார்ரோட்டில் விழுந்து எழ மற்றவர்கள் பயந்ததால் என்னை நிறுத்தினார்கள்.

'ஓலா போலா'வுக்குச் சில வாரம் முன்னால் இன்னொரு படம் வந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. 90களின் தொடக்கம், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள், அப்போய் என்ற பையன், குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா, போதையில் ஒரு சித்தப்பா. நான் முன்பு சொன்ன அதே திரைப்பட விழாவில் சிறந்த படமாக வென்றது அதுதான். இரண்டையும் நாம் தனித்தனியாகப் பார்த்து, ஒன்றுக்கு ஆனந்தக் கண்ணீரும் மற்றதுக்குச் சோகக் கண்ணீரும் விட்டோம். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே படத்தின் இரண்டு பாதி. முத்துவின் திடலை எடுத்துவிட்டால் அப்போய் எங்கே போய் நிற்பான் என்பதுதான் 'ஜகாட்'. முதல் பாதியை மட்டும் ஆகஸ்டில் போட்டுக் காட்டுவது ஏமாற்று வேலை.

காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். படிவம் இரண்டில் எங்கள் பள்ளிக் குழுவுக்கு ஓர் இடது விங்கர் இருந்தான். நான் பார்த்த ஆட்டக்காரர்களில் அவனைப் போல் ஓடியவன் இல்லை. மாவட்டக் குழுவுக்குப் பெயர் கொடுக்கும் நாளில் ஆசிரியர் அடையாள அட்டை நகல் கேட்டார். அவனிடம் இல்லை. பிறப்புப் பத்திரமும் இல்லை. அம்மா அப்பா கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை, அம்மாவுக்கே சரியான பத்திரம் இல்லை என்று ஏதோ சொன்னார்கள். பதினான்கு வயசில் எங்களுக்கு அது புரியவில்லை. அவன் பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினார்கள். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கே வரவில்லை.

என் தாத்தாவும் அப்படித்தான். இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணின் ரப்பர் மரத்தைச் சீவி, சிவப்பு அடையாள அட்டையோடு செத்தார். எத்தனை முறை விண்ணப்பித்தார் என்பது அப்பாவுக்கே கணக்குத் தெரியாது. பிறந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்?

இதை மனதில் வைத்துக்கொண்டு 2025ஐப் பாருங்கள். ஜூன் மாதம் புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று வென்றோம். ஊரே துள்ளியது. செப்டம்பரில் ஃபீஃபா ஏழு வெளிநாட்டுப் பிறப்பு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலி என்று அறிவித்து ஆளுக்கு 12 மாதத் தடை விதித்தது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். தாத்தா பாட்டி பினாங்கிலும் மலாக்காவிலும் ஜொகூரிலும் பிறந்ததாகக் காகிதம் சொன்னது. அசல் பதிவேடுகளோ அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து என்று காட்டின. சங்கம் அதைத் தொழில்நுட்பப் பிழை என்றது. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி.

அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இங்கே பிறந்த தாத்தாவுக்குக் காகிதம் இல்லை. இங்கே பிறக்காத தாத்தாக்களுக்குக் காகிதம் இருந்தது. எங்கள் விங்கருக்கு ஒரே ஒரு பத்திரம் கிடைத்திருந்தால் போதும். அந்த ஏழு பேர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் கூப்பிட்டார்கள் என்று வந்தவர்கள். ஆனால் நம் குழுக்களில் அப்போது ஓடியது கேலிப் படங்கள் மட்டும்தான். எந்தத் தமிழ் மேடையிலும் "அப்படியென்றால் நம் பத்திரமில்லாத பிள்ளைகள்?" என்ற கேள்வியை நான் கேட்கவில்லை. அதைக் கேட்கக் கூட நமக்குத் தோன்றவில்லை.

நம் பக்கக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நமக்கென்று ஒரு கிளப் இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் நடத்திய அணி 2017இல் பிரிமியர் லீக்குக்கு வந்தது, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்கிலேயே ஆடியது. உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து ஆடிய பருவமும் உண்டு. பல தமிழ்ப் பையன்கள் அங்கேதான் முதல் சம்பளம் பார்த்தார்கள். 2022 பருவத்தோடு அந்தக் கிளப் லீக்கிலிருந்து விலகிவிட்டது. அவர்கள் ஆட்டத்தை அரங்கில் போய் நான் பார்த்தது இரண்டே இரண்டு முறை. இரண்டும் ஓசி டிக்கெட். அதே வருஷங்களில் மான்செஸ்டர் யுனைடெட் சட்டைக்கு முந்நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்திருக்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் காசு கொடுத்து உள்ளே போனீர்கள்? கிளப் மூடியபோது மட்டும் "நம்மாளுங்க ஒண்ணையும் நிலைக்க விடமாட்டாங்க" என்று எழுதினோம்.

இப்போது அப்பாவின் கதைக்கு வருகிறேன். படிவம் மூன்றில் நானும் மாவட்டத் தேர்வுக்குப் போயிருந்தேன். இரண்டாம் கட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். பி.எம்.ஆர். வருஷம். அப்பா என் கையுறையை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. "நம்மால ஒரு தடவைதான் பந்தயம் கட்ட முடியும்டா" என்றார். அந்தப் பந்தயத்தைப் படிப்பின் மேல் கட்டினார். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, இன்று மாதம் தவறாமல் சம்பளம் வருகிறது, வீட்டுக் கடன் கட்டுகிறேன். அப்பா கணக்கு தப்பவில்லை. அவருக்கு மேல் ஒரு வழி இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். ஒரே ஒரு பந்தயம் கட்ட முடிகிற வீட்டிலிருந்து கோல்கீப்பர் வரமாட்டான். அப்பாக்களை மாற்றச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, கணக்கை மாற்ற வேண்டும்.

கணக்கை மாற்றுவது பெரிய தத்துவம் இல்லை. தமிழ்ப்பள்ளி வாரியங்கள் மண்டபம் கட்டுவதற்கு முன் திடலுக்கு இடம் கேட்கட்டும். இருக்கும் திடலைக் கார் நிறுத்தத் தராமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. கோயில் திருவிழாவுக்கு ஒரு ராத்திரியில் வசூலாகும் தொகையில் ஒரு வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் பயிற்சிக் கட்டணம் கட்டலாம். அக்கா விசாரித்த அகாடமியில் மாதம் 180 வெள்ளி. அந்த 180தான் ஒரு பையனைத் திடலுக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவில் பிரிக்கிறது. பத்திரமில்லாத பிள்ளைகளுக்கு மனு எழுத, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கப் படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம். நான் உட்பட, வருஷத்துக்கு ஒரு பிள்ளையின் கோப்பை ஏற்றுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? பெண் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் பழம்பெருமைப் பட்டியலில் ஒரு பெண் பெயர் கூட இல்லாதது யாருக்கும் உறுத்தவில்லை.

இதையெல்லாம் செய்தால் இன்னொரு ஆறுமுகம் வந்துவிடுவாரா? உத்தரவாதம் இல்லை. நூறு பேர் ஆடினால் ஒருவர் வரலாம், வராமலும் போகலாம். மீதித் தொண்ணூற்றொன்பது பேருக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போக ஓர் இடம் இருக்கும். 'ஜகாட்' பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

குழுவில் நான் இப்படிப் பதில் போட்டேன். "அக்கா, சனிக்கிழமை காலைல ஏழரைக்கு நான் வந்து தம்பியக் கூட்டிட்டுப் போறேன். கணக்கும் அறிவியலும் ஞாயித்துக்கிழமை நானே சொல்லித் தர்றேன். டியூஷன நிறுத்திட்டு அந்தக் காசுல பூட்ஸ் வாங்கு." இரண்டு நீலக் கோடு விழுந்தது. யாரும் கைகூப்பவில்லை. ஷிப்ட் மாறினால் எல்லாச் சனிக்கிழமையும் என்னால் முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அப்போது வேறு யாராவது ஓட்டியாக வேண்டும்.

அடுத்த டிசம்பரிலும் ஆறுமுகத்தின் படம் வரும். அனுப்புகிறவர்கள் அனுப்புங்கள். கூடவே உங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளித் திடலின் படத்தையும் ஒன்று எடுத்துப் போடுங்கள். திடல் இல்லை என்றால் அது இருந்த இடத்தின் படத்தைப் போடுங்கள். அதைப் பார்த்த பிறகும் கைகூப்பத் தோன்றுகிறதா என்று பார்ப்போம்.